பசிபிக் சிப்பியின் குருதியணுக்களில் ஒட்டுதலும் சமிக்ஞையும்: எல்ஜிபி32 விப்ரியோ குறித்த நிகழ்வு ஆய்வு

நோய்க்கிருமியை உடலின் காவல் அணு (செல்) விழுங்கிவிட்டது என்றால் அதை நாம் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்கிறோம். சிப்பி, மட்டி, நத்தை போன்ற மெல்லுடலிகளின் உடல்நிலையை மதிப்பிடும் ஆய்வுகளிலும், நூறு குருதியணுக்களில் எத்தனை நுண்ணுயிரை விழுங்கின என்ற கணக்கு பல பத்தாண்டுகளாக ஒரு நலக் குறியீடாகப் பயன்பட்டு வந்திருக்கிறது. அந்தக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு சிப்பி நலமாக இருக்கிறதா என்று சொல்லிவிட முடியாது என்பதை எல்ஜிபி32 என்ற விப்ரியோ பாக்டீரியா பற்றிய பிரெஞ்சு ஆய்வுகள் காட்டுகின்றன. சிப்பியின் குருதியணு எதைக்கொண்டு ஒட்டுகிறது, ஒட்டியதும் அணுவுக்குள் என்ன ஆணை செல்கிறது, அந்த ஆணை எங்கே திரிகிறது என்ற மூன்று கேள்விகளையும் ஒரே கிருமியை வைத்துப் பின்தொடர முடிவதால், அந்த ஆய்வுகளை இங்கே ஒரு நிகழ்வாக எடுத்துக்கொள்கிறேன்.

பின்னணி

பிரான்சின் அட்லாண்டிக் கரையிலும் தெற்கே மத்தியதரைக் கடலை ஒட்டிய தோ காயலிலும் இன்று பெருமளவில் வளர்க்கப்படும் பசிபிக் சிப்பி அந்த நாட்டுக்கு உரியதன்று. அதற்கு முன் அங்கே வளர்க்கப்பட்ட போர்த்துகீசியச் சிப்பி 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வைரஸ் நோயால் அழிந்தபோது, ஜப்பானிலிருந்தும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்தும் பசிபிக் சிப்பி கொண்டுவரப்பட்டது. வந்த சிப்பி நன்றாக வளர்ந்தது. ஆனால் கோடையில் நீர் சூடேறும் காலங்களில் அது கூட்டமாகச் சாவதும் தொடர்ந்தது. அத்தகைய சாவுகளுக்கு ஒற்றைக் காரணம் கிடைக்காமல், நீரின் வெப்பம், இனப்பெருக்கக் காலத்தின் உடற்சோர்வு, வைரஸ், விப்ரியோ என ஒன்றோடொன்று பின்னிய காரணங்களே முன்வைக்கப்பட்டன.

2001-இல் சாகும் நிலையில் இருந்த சிப்பிகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட விப்ரியோ ஒன்றுக்கு எல்ஜிபி32 என்று பெயரிடப்பட்டது. அது முதலில் ஸ்ப்ளென்டிடஸ் என்ற இனத்தில் சேர்க்கப்பட்டது; 2009-இல் அதன் மரபணுத்தொகை முழுமையாக வெளியான பிறகு நடந்த வகைப்பாட்டுத் திருத்தங்களில் டாஸ்மேனியென்சிஸ் என்ற இனத்துக்கு மாறியது. பழைய கட்டுரைகளையும் புதியவற்றையும் சேர்த்துப் படிப்பவர்கள் இவை இரண்டும் ஒரே கிருமி என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பாக்டீரியா வெளியே சுரக்கும் பொருள்களில் நச்சுத்தன்மை மிக்கதாக புரதங்களைச் சிதைக்கும் ஓர் உலோகப் புரோட்டியேஸ் நொதி ஏற்கெனவே அடையாளம் காணப்பட்டிருந்தது. ஆனால் நச்சை மட்டும் வைத்து இந்தக் கிருமியின் நடத்தையை முழுமையாக விளக்க முடியவில்லை. அது சிப்பியின் குருதியணுக்களுக்கு வெளியே நின்று போரிடும் கிருமியாகத் தெரியவில்லை. அவற்றின் உள்ளே காணப்பட்டது.

ஒட்டுவதே தொழிலான அணு

சிப்பிக்கு மூடிய குருதிக்குழாய் மண்டலம் கிடையாது. இதயத்திலிருந்து வெளியேறும் குருதிநிணம் என்ற குருதி போன்ற நீர்மம் திசுக்களின் இடைவெளிகளில் பரவி மெதுவாகத் திரும்புகிறது. அதில் மிதக்கும் குருதியணுக்களே காயத்தை அடைக்கின்றன, அந்நியப் பொருளைச் சூழ்ந்து மூடுகின்றன, நுண்ணுயிரை விழுங்குகின்றன, செரிமானத்திலும் ஓடு உருவாவதிலும்கூடப் பங்கு வகிக்கின்றன. நம் உடலில் உள்ளதுபோல் குறிப்பிட்ட கிருமிக்கென்று எதிர்ப்பொருளை உருவாக்கும் லிம்ஃபோசைட்டுகள் இங்கே இல்லை. எனவே பிடித்தல், ஒட்டுதல், விழுங்குதல் ஆகிய தொடுகைச் செயல்களின் மேல்தான் இந்த உயிரியின் பாதுகாப்பில் பெரும்பகுதி நிற்கிறது.

இந்த அணுக்களின் ஒட்டும் வேகத்தை ஆய்வகத்தில் முதன்முறையாகக் குருதிநிணம் எடுப்பவர் உடனே உணர்வார். ஓட்டின் விளிம்பில் சிறு வெட்டு ஏற்படுத்தி, ஓட்டை மூடும் தசையின் அருகிலுள்ள குழியில் மெல்லிய ஊசியைச் செலுத்தி இழுத்தால், நிறமற்ற, சற்றே கலங்கிய நீர் வருகிறது. அதை அறை வெப்பத்தில் சற்று நேரம் விட்டாலே வெண்ணிறத் துணுக்குகள் கண்ணுக்குத் தெரிகின்றன; அவை ஒன்றோடொன்று பற்றிக்கொண்ட குருதியணுத் திரள்கள். இதைத் தவிர்க்க ஊசிக்குழலைப் பனிக்கட்டியின் மேல் வைத்தும், கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பற்றிக்கொள்ளும் இடிடிஏ கலந்த கரைசலில் சேர்த்தும் எடுக்கிறார்கள். அதே அணுக்களைத் தகுந்த கரைசலில் கண்ணாடித் தகட்டின் மேல் விட்டால், உருண்டையாக இறங்கியவை சிறிது நேரத்தில் தட்டையாகின்றன. விளிம்பில் மெல்லிய தகடு போன்ற பரப்பு விரிகிறது, அதிலிருந்து ஊசி போன்ற நீட்சிகள் வெளியே துழாவுகின்றன, துகள் நிறைந்த வகை அணுக்களில் துகள்கள் உட்கருவைச் சுற்றி ஒதுங்கி நிற்கின்றன. இந்தத் தட்டையாதலே அணுவுக்கு வடிவம் தரும் ஆக்டின் என்ற புரத இழைகள் உள்ளிருந்து மறுகட்டமைக்கப்படுவதன் வெளித்தோற்றம்.

இடிடிஏ சேர்த்ததும் திரளாமல் போவது தற்செயலன்று. அணுவின் சவ்வை ஊடுருவி நிற்கும் இன்டெக்ரின் என்ற புரத இணைகள் வெளியே உள்ள பொருளைப் பற்றுவதற்கு இரட்டை மின்னேற்றம் கொண்ட இந்த உலோக அயனிகள் தேவை. ஆல்ஃபா, பீட்டா என்ற இரு சங்கிலிகளால் ஆன இன்டெக்ரின், கடற்பஞ்சு முதல் மனிதர் வரை விலங்குலகம் முழுதும் பரவியுள்ள ஒட்டுமூலக்கூறு. அதன் பல வகைகள் அடையாளம் காணும் குறி மிகச் சிறியது: ஆர்ஜினின், கிளைசின், ஆஸ்பார்டிக் அமிலம் என்ற மூன்று அமினோ அமிலங்களின் வரிசை. ஓரெழுத்துக் குறியீட்டின்படி இதை ஆர்ஜிடி என்பார்கள். 1984-இல் பாலூட்டிகளின் ஃபைப்ரோனெக்டின் புரதத்தில் கண்டறியப்பட்ட இந்தக் குறி, பின்னர் மெல்லுடலிகளின் குருதியணுக்களிலும் ஒட்டுதலைத் தூண்டுவதாகத் தெரியவந்தது.

இன்டெக்ரினைப் பசை என்று மட்டும் எண்ணினால் இந்த நிகழ்வின் மையமே தவறிப்போகும். அது ஒட்டும்போது சவ்வில் பல இன்டெக்ரின்கள் ஓரிடத்தில் குழுமுகின்றன. அவற்றின் உட்புற வால்களைச் சுற்றி ஃபோக்கல் அட்ஹீஷன் கைனேஸ், சார்க் கைனேஸ், பாக்சிலின் முதலிய புரதங்கள் கூடுகின்றன. கைனேஸ் என்பது பிற புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றி ஆணையைக் கடத்தும் நொதி. அங்கிருந்து ஆணை இரு பக்கம் கிளைக்கிறது. ஒரு கிளை ராக், சிடிசி42 போன்ற சிறு ஜிடிபேஸ்கள் என்ற விசைப்புரதங்கள் வழியே ஆக்டினை அடைந்து சவ்வை விரிக்கிறது அல்லது கிருமியைச் சுற்றி வளைக்கிறது. மறுகிளை புரோட்டீன் கைனேஸ் சி, இஆர்கே ஆகிய கைனேஸ்கள் வழியே, கிருமியைத் தாக்கும் வினைமிகு ஆக்சிஜன் உற்பத்தியையும் மரபணு வெளிப்பாட்டையும் தொடுகிறது. லிம்னேயா என்ற குளத்து நத்தையின் குருதியணுக்களில் ஆர்ஜிடி வழி இன்டெக்ரினைத் தொட்டால் ஃபோக்கல் அட்ஹீஷன் கைனேஸின் பாஸ்பேட் ஏற்றமும் விழுங்குதலும் பரவுதலும் மாறுவது 2006-இல் காட்டப்பட்டது. முதுகெலும்பிகளில் வரையப்பட்ட இந்தச் சமிக்ஞைப் பாதையின் முதன்மை உறுப்புகள் மெல்லுடலிகளிலும் செயல்படுகின்றன என்று சொல்ல இது போதுமான சான்று. ஒவ்வொரு கண்ணியும் அதே இடத்தில்தான் இருக்கிறது என்று கொள்வதற்கு அது போதாது.

கிரேஃபிஷ் தந்த முன்னறிவு

சிப்பிக்குச் செல்லும்முன் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் கிரேஃபிஷ் என்ற நன்னீர் ஓட்டுயிரியை வைத்து நடந்த வேலையைச் சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் சிப்பியின் கதை ஒரு விநோதமாக மட்டுமே தோன்றும். 1988-இல் மாட்ஸ் யோஹான்சன், கென்னத் சோடர்ஹால் ஆகிய இருவரும் கிரேஃபிஷின் குருதியணுக்களிலிருந்து 76 கிலோடால்டன் எடையுள்ள ஓர் ஒட்டுப்புரதத்தைத் தூய்மைப்படுத்தினர். குருதியணு, பூஞ்சையின் செல்சுவரிலுள்ள பீட்டா குளுக்கானையோ பாக்டீரியாவின் லிப்போபாலிசாக்கரைடையோ உணர்ந்து தன் துகள்களை வெளியே கொட்டும்போது இந்தப் புரதமும் வெளிவந்து, பிற குருதியணுக்களை ஒட்டவைக்கிறது. 1995-இல் அதன் வரிசை தெரிந்தபோது எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. ஒட்டவைக்கும் இந்தப் புரதம் ஒரு பெராக்சிடேஸ் நொதியும்கூட. அதற்குப் பெராக்சினெக்டின் என்று பெயரிட்டார்கள்.

அதைவிட முக்கியமானது 1999-இல் வந்தது. கிரேஃபிஷ் குருதியணுவின் மேற்பரப்பில் பெராக்சினெக்டின் போய்ப் பிணையும் புரதங்களில் ஒன்று, செல்லுக்கு வெளியே இயங்கும் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்று அதே குழு காட்டியது. சூப்பராக்சைடு என்ற வினைமிகு ஆக்சிஜனை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும் நொதியும், அந்த ஹைட்ரஜன் பெராக்சைடைப் பயன்படுத்தும் நொதியும் ஒட்டும் இடத்தில் அருகருகே நிற்கின்றன. கிருமியை இறுகப் பிடிப்பதும் அதை ஆக்சிஜன் வேதியியலால் தாக்குவதும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நிகழக்கூடிய அமைப்பு இது. முதுகெலும்பற்ற விலங்குகளின் நோய் எதிர்ப்பில் ஒட்டுதலையும் கொல்லுதலையும் தனித்தனி அத்தியாயங்களாக எழுதும் பாடநூல் வழக்கத்தை இந்தக் கண்டுபிடிப்பு அன்றே கேள்விக்குள்ளாக்கியிருக்க வேண்டும். ஆனால் அந்த வழக்கம் மாற வெகுகாலம் பிடித்தது.

கதவைத் திறக்கும் புரதம்

பசிபிக் சிப்பியின் குருதிநிணத்திலிருந்து அணுக்களை நீக்கினால் எஞ்சும் பிளாஸ்மாவில் மிக மிகுதியாக உள்ள புரதம் எது என்று பார்த்தபோது, அதுவும் செல்வெளி சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருந்தது. 2005-இல் விவரிக்கப்பட்ட இந்தப் புரதம் குருதியணுக்களால் உருவாக்கப்படுகிறது, லிப்போபாலிசாக்கரைடைப் பற்றுகிறது, தன் வரிசையிலேயே ஆர்ஜிடி குறியையும் கொண்டிருக்கிறது. இந்த மூன்று பண்புகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முனையால் பாக்டீரியாவையும் மறுமுனையால் இன்டெக்ரினையும் பிடிக்கக்கூடிய இணைப்புப்பாலம் ஒன்று கிடைக்கிறது. நுண்ணுயிரின் மேல் படிந்து அதை விழுங்கும் அணுவுக்கு அடையாளம் காட்டும் இத்தகைய பொருளை ஆப்சோனின் என்பார்கள். எதிர்ப்பொருள் இல்லாத உயிரியில் இந்த வேலையைச் செய்வதற்கு, பிளாஸ்மாவில் எங்கும் நிறைந்திருக்கும் புரதத்தைவிடப் பொருத்தமான ஒன்றைத் தேட வேண்டியதில்லை.

எல்ஜிபி32 விப்ரியோவின் புறச்சவ்வில் ஓஎம்பியு என்ற போரின் புரதம் மிகுதியாக உள்ளது. சிறு மூலக்கூறுகளை உள்ளே விடும் துளையாக அமைவதே அதன் அன்றாட வேலை. காலரா விப்ரியோவிலும் இதன் உறவுப்புரதம் உண்டு. அந்த மரபணுவை நீக்கிய பாக்டீரியாவைச் சிப்பிகளுக்கு ஊசிவழி செலுத்தியபோது, இயல்பான பாக்டீரியாவால் 56 விழுக்காடாக இருந்த இறப்பு 11 விழுக்காடாகக் குறைந்தது என்று 2010-இல் அறிவிக்கப்பட்டது. சிப்பியின் டிஃபென்சின் முதலிய நுண்ணுயிர்க்கொல்லிப் புரதங்களுக்கும் அந்த நீக்கிய வகை எளிதில் இரையானது.

அடுத்த ஆண்டு, 2011-இல், மோன்பெலியே நகர ஆய்வுக்குழு இதன் தொடர்ச்சியை வெளியிட்டது. எல்ஜிபி32 சிப்பியின் குருதியணுவுக்குள் நுழைகிறது. நுழைவதற்கு அணுவின் சொந்த ஆக்டின் இழைகள் தேவைப்படுகின்றன. ஓஎம்பியு இல்லாவிட்டால் நுழைவு பெரிதும் தடைபடுகிறது. அந்த நுழைவில் பீட்டா இன்டெக்ரின் பங்கேற்கிறது. இடையில் பாலமாக நிற்பது பிளாஸ்மாவின் அந்தச் செல்வெளி சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், அதுவும் அதன் ஆர்ஜிடி குறியின் வழியாக. சிப்பி தன் பகைவனை அடையாளம் காட்டுவதற்காக உலவவிட்டிருக்கும் புரதத்தையே பகைவன் தன் மேல் போர்த்திக்கொண்டு, காவலனின் கையாலேயே கதவைத் திறக்கவைத்து உள்ளே போகிறான்.

உள்ளே போன பாக்டீரியா சாகவில்லை. இயல்பாக விழுங்கப்பட்ட துகளைச் சுற்றியுள்ள நுண்பை அமிலமடைய வேண்டும். வினைமிகு ஆக்சிஜன் அங்கே பொழிய வேண்டும். எல்ஜிபி32 இருந்த அணுக்களில் அமில நுண்பைகள் உருவாகவில்லை, வினைமிகு ஆக்சிஜன் உற்பத்தியும் அடங்கியிருந்தது. அதாவது இன்டெக்ரினிலிருந்து கிளம்பிய ஆணையின் முதல் பாதி நிறைவேறியது: வளைத்து உள்ளே எடு. கொல் என்ற இரண்டாம் பாதி நிறைவேறவில்லை. நூறு அணுக்களில் எத்தனை விழுங்கின என்று எண்ணும் ஆய்வாளரின் பதிவேட்டில் இது சிறந்த நோய் எதிர்ப்பாகவே பதிந்திருக்கும்.

இந்தச் சான்றுகளை எப்படிப் படிப்பது

ஓஎம்பியு நீக்கிய வகையால் இறப்பு 56-லிருந்து 11 விழுக்காடாகக் குறைந்ததை ஒட்டுதல் இழப்பின் விளைவு என்று மட்டும் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. அதே நீக்கம் பாக்டீரியாவை நுண்ணுயிர்க்கொல்லிப் புரதங்களுக்கு எளிய இரையாக்கியது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. புறச்சவ்வின் முதன்மைப் புரதம் ஒன்றை எடுத்துவிட்டால் நுழைவும் தாங்குதிறனும் ஒருசேரக் குலையும். இறப்பு எண்ணிக்கை இரண்டின் கூட்டு விளைவு. எனவே நுழைவுக்கான வலுவான சான்று இறப்பு வீதத்தில் இல்லை, அணு அளவில் நடந்த தடுப்புச் சோதனைகளில்தான் இருக்கிறது.

அந்தத் தடுப்புச் சோதனைகளுக்கும் தமக்கென ஒரு சிக்கல் உண்டு. இன்டெக்ரினின் பங்கை நிறுவ வழக்கமாகச் செய்வது, ஆர்ஜிடி வரிசை கொண்ட குறும்பெப்டைடுகளைக் கரைசலில் சேர்த்து, அவை இன்டெக்ரினின் பற்றிடங்களை நிரப்பியபின் ஒட்டுதல் குறைகிறதா என்று பார்ப்பது. ஆனால் கரைந்த ஆர்ஜிடி பெப்டைடு வெறும் அடைப்பான் அன்று. அத்தகைய பெப்டைடுகள் பசிபிக் சிப்பியின் குருதியணுக்களில் அணுத்தற்கொலையைத் தூண்டுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2003-இல் காட்டியிருக்கிறார்கள். திடமான பரப்பில் நிலைகொண்ட ஆர்ஜிடி அணுவுக்குப் பிடிமானம் கிடைத்தது என்று சொல்கிறது. மிதக்கும் ஆர்ஜிடியோ வேறொரு செய்தியைச் சொல்கிறது. எனவே பெப்டைடு சேர்த்தபின் விழுங்குதல் குறைந்தால், வழி அடைபட்டதா, அணுவே சாகத் தொடங்கியதா என்பதைப் பிரித்தறியும் கட்டுப்பாட்டுச் சோதனை கட்டாயம் வேண்டும். உயிருள்ள அணுக்களின் விழுக்காட்டை அதே நேரத்தில் அளந்திராத ஆர்ஜிடி சோதனைகளை நான் முழுச் சான்றாக ஏற்பதில்லை.

குருதிநிணம் எடுக்கும் முறையும் சமிக்ஞையைக் கலைக்கக்கூடியது. சிப்பியைக் கால் மணி நேரம் குலுக்கினாலே அதன் குருதிநிணத்தில் நார்அட்ரினலின் என்ற அதிர்ச்சி ஹார்மோன் உயர்ந்து, குருதியணுக்களின் இயக்கமும் விழுங்கும் திறனும் தற்காலிகமாகக் குறைவதை 2002-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு விவரித்தது. அந்த ஹார்மோன் குருதியணுவின் பீட்டா வகை அட்ரினெர்ஜிக் ஏற்பியைத் தொட்டு, சைக்ளிக் ஏஎம்பி, புரோட்டீன் கைனேஸ் ஏ ஆகியவற்றின் வழியே உள்ளே செல்கிறது. ஒட்டுதலின் ஆணையும் அதிர்ச்சியின் ஆணையும் ஒரே அணுவில் வந்து சேர்கின்றன என்பதே இதன் பொருள். கோடையில் கூடைகளைத் தூக்கிக் குலுக்கித் தரம்பிரித்து லாரியில் ஏற்றும் பண்ணை நடைமுறைக்கும், ஓட்டை உடைத்து ஊசி குத்தும் ஆய்வக நடைமுறைக்கும் இது ஒருசேரப் பொருந்தும்.

நுழைந்தபின் நடப்பது

வெறும் நுழைவு எந்தக் கிருமிக்கும் வெற்றி தராது. ஓஎம்பியு பல விப்ரியோக்களிடம் உண்டு. அவை எல்லாம் சிப்பியைக் கொல்வதில்லை. 2016-இல் குருதியணுவுக்குள் இருக்கும் எல்ஜிபி32 எந்த மரபணுக்களை இயக்குகிறது என்று ஆர்என்ஏ வரிசைப்படுத்தலால் பார்த்தபோது இரண்டு தொகுதிகள் மேலெழுந்தன: ஆக்சிஜன் தாக்குதலைச் சமாளிப்பவை, செம்பை வெளியேற்றுபவை. விழுங்கும் அணு கிருமி இருக்கும் நுண்பைக்குள் செம்பை நிரப்பி நஞ்சூட்டுவது பாலூட்டிகளிலும் அறியப்பட்ட உத்தி. சிப்பியின் திசுவோ இயல்பாகவே செம்பு மிகுந்தது. செம்பை வெளியேற்றும் திறன் நீக்கப்பட்ட எல்ஜிபி32 அணுவுக்குள் தாக்குப்பிடிக்கவில்லை, சிப்பியின் உடலில் பரவவும் இல்லை. உள்ளே பிழைத்த இயல்பான பாக்டீரியாவோ குருதியணுவை உடைத்துவிட்டு வெளியேறுகிறது.

அப்படியானால் விழுங்குதலைத் தடுத்தாலே அணு தப்பிக்குமா? 2019-இல் வெளியான ஒப்பீடு இதற்கு நேரடியான விடை தந்தது. ஆக்டின் இழைகள் நீளாமல் தடுக்கும் சைட்டோகலாசின் டி என்ற பொருளைக் கொடுத்து விழுங்குதலை நிறுத்தியபோது எல்ஜிபி32-ஆல் குருதியணுவைக் கொல்ல முடியவில்லை. உள்ளே போனபின் வகை-6 சுரப்பு அமைப்பு என்ற மூலக்கூறு ஈட்டியால்தான் அது அணுவைத் தாக்குகிறது. ஆனால் சிப்பியைத் தாக்கும் இன்னொரு விப்ரியோவான கிராசோஸ்ட்ரியே, விழுங்கப்படாமலே, வெறும் தொடுகையாலேயே குருதியணுவைக் கொன்றது. அதற்கு ஆர்5.7 என்று குறிக்கப்படும் மரபணு தேவைப்பட்டது. ஒன்றுக்கு ஒட்டி உள்ளே போவது வழி. மற்றதற்கு ஒட்டுவதே போதும். இரண்டிலும் காவல் அணு அழிந்தபின்தான் பாக்டீரியா உடல் முழுதும் பரவுகிறது.

இதே நாடகத்தின் வேறொரு வடிவம் நத்தைகளில் உண்டு. சிஸ்டோசோமா என்ற ஒட்டுண்ணிப் புழுவின் இளம்பருவத்தைச் சுமக்கும் பயோம்ஃபலேரியா நத்தையில், ஒட்டுண்ணி வெளிவிடும் பொருள்கள் நோய்க்கு இடங்கொடுக்கும் நத்தை வகையின் குருதியணுக்களில் இஆர்கே சமிக்ஞையைத் தணிக்கின்றன. எதிர்த்து நிற்கும் வகையில் அப்படித் தணிவதில்லை. எல்ஜிபி32 குறித்த 2011 ஆய்வு கொல்லும் ஆணை நிறைவேறாததை அதன் விளைவில் காட்டியது; நத்தை ஆய்வு ஆணை செல்லும் வழியிலேயே ஒரு கண்ணியைச் சுட்டியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, மெல்லுடலிகளின் நோயெதிர்ப்பில் எதிர்ப்புக்கும் தோல்விக்கும் உள்ள வேறுபாடு பிடிமானத்தின் வலுவில் இருப்பதைவிடப் பிடித்தபின் செல்லும் ஆணையில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

பண்ணையில் இதன் இடம்

2008 முதல் பிரான்சில் இளஞ்சிப்பிகள் கூட்டம் கூட்டமாக மடியத் தொடங்கியபோது, அவற்றில் ஆஸ்ட்ரியிட் ஹெர்ப்பிஸ் வைரஸின் மைக்ரோவார் என்ற புதிய வகை கண்டறியப்பட்டது. நீரின் வெப்பம் 16 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காலத்தில் இந்தச் சாவுகள் எழுகின்றன. 2018-இல் வெளியான விரிவான ஆய்வு நிகழ்வுகளின் வரிசையைப் பிரித்துக் காட்டியது: வைரஸ் முதலில் குருதியணுக்களைத் தொற்றுகிறது, அவற்றின் நுண்ணுயிர்க்கொல்லிப் புரத உற்பத்தி சரிகிறது, அதன்பின் சிப்பியிலும் சுற்றிலும் ஏற்கெனவே உள்ள பாக்டீரியாக்கள் உடலுக்குள் பெருகி உயிரைப் பறிக்கின்றன. தாங்கும் சிப்பிக் குடும்பங்கள் தொற்றின் தொடக்க நேரத்திலேயே வைரஸ் எதிர்ப்பு மரபணுக்களை இயக்கிவிடுகின்றன.

எனவே ஊசிவழி செலுத்தப்பட்ட எல்ஜிபி32 காட்டிய பாதையை அப்படியே இளஞ்சிப்பிகளின் கோடைச் சாவுக்கு விளக்கமாக வைக்க முடியாது. கடலில் சிப்பிக்கு யாரும் தசையில் ஊசி குத்துவதில்லை. கிருமி செவுளையும் தோல்மடிப்பையும் தாண்டி வர வேண்டும். வைரஸ் வந்து குருதியணுவின் நிலையைக் குலைத்தபின் விப்ரியோ சந்திக்கும் அணு, நலமான சிப்பியிலிருந்து எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பரப்பிய அணுவைப் போன்றதன்று. ஆயினும் அந்தப் பாதையின் பயன் குறைந்துவிடவில்லை. குருதியணுவை வைரஸும் குறிவைக்கிறது, விப்ரியோவும் குறிவைக்கிறது என்றால், சிப்பியின் தலைவிதி தீர்மானிக்கப்படும் இடம் அந்த அணுதான்.

இன்டெக்ரினை அடைக்கும் மருந்து ஒன்றைப் பண்ணைக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள் இந்த நிகழ்விலேயே இருக்கின்றன. காயத்தை அடைப்பதும் பிற நுண்ணுயிர்களை விழுங்குவதும் ஒட்டுதலையே நம்பியிருப்பதால் அடைப்பான் சிப்பியை நிராயுதபாணியாக்கும். கிராசோஸ்ட்ரியே போன்ற விப்ரியோவுக்கோ விழுங்கப்படாததால் ஒரு நட்டமும் இல்லை. திறந்த கடலில் மருந்து கலப்பதன் நடைமுறைச் சிக்கல் அதற்கு மேல். வைரஸைத் தாங்கும் குடும்பங்களைத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்யும் வழியில் பிரெஞ்சுக் குஞ்சுபொரிப்பகங்கள் சென்றிருப்பது இந்தப் பின்னணியில் பொருத்தமாகவே படுகிறது.

கண்காணிப்பு முறையில் மாற்ற வேண்டியது ஒன்று உண்டு, அதற்குப் பெரிய கருவிகளும் தேவையில்லை. குருதியணு விழுங்கியதை எண்ணுவதோடு நிறுத்தாமல், வெளியே உள்ள பாக்டீரியாவை மட்டும் கொல்லும் ஜென்டமைசின் போன்ற மருந்தால் கழுவியபின் அணுக்களை உடைத்து, உள்ளிருந்து எத்தனை பாக்டீரியாக்கள் வளர்தட்டில் உயிருடன் முளைக்கின்றன என்று எண்ண வேண்டும். அதே மாதிரியில் நுண்பையின் அமிலத்தன்மையைக் காட்டும் சாயமும், அணுக்களின் உயிர்ப்பைக் காட்டும் சாயமும் சேர்க்கப்பட வேண்டும். விழுங்கிய அணுக்களின் விழுக்காடு உயர்ந்து, உயிருடன் முளைக்கும் பாக்டீரியாவும் உயர்ந்தால், அந்த மாதிரி எடுக்கப்பட்ட சிப்பிப் படுக்கையை நோயுற்றதாகக் குறித்து, தரம்பிரித்தலையும் இடமாற்றத்தையும் அந்தப் பருவத்தில் நிறுத்திவைப்பதே சரியான முடிவு.